மலாவிக்குத் திரும்பும் மிஷனரி குடும்பம்: 14 வாரம்தான் இருக்கிறது, எதை முதலில் தொடங்குவது?

பாறசாலை மிஷன் குழு:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை தாங்குகிற ஒரு குடும்பம் பத்து மாத விடுமுறை முடிந்து ஆகஸ்ட் கடைசியில் ஆப்பிரிக்காவில் உள்ள மலாவிக்குத் திரும்புகிறது. இப்போது மே பாதி. கணவர் சமூகப்பணி செய்கிறவர், எம்.எஸ்.டபிள்யூ., கேரளா பல்கலைக்கழகம். மனைவி நர்ஸ், குலசேகரம் பக்கம், தமிழ்நாட்டில் ஜி.என்.எம். என்ற நர்ஸிங் டிப்ளமோ முடித்தவர். பையனுக்கு 12 வயது. சின்னவளுக்கு 4 வயது, மலாவித் தலைநகர் லிலாங்வேயில் பிறந்தவள். கல்யாணம் பாறசாலையில், நம்ம கோயிலில்தான். கையில் இருப்பது சபை கொடுத்த சான்றிதழ் மட்டும். இப்போது பாறசாலையில் கணவரின் அம்மா வீட்டில் இருக்கிறார்கள்.

இந்தத் தடவை மனைவிக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை. அதனால் பழைய பெர்மிட் போதாது, எல்லாச் சான்றிதழும் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக நம்ம அரசு கொடுக்கிற அத்தாட்சி) செய்து அனுப்பு என்று அங்கிருந்து கேட்கிறார்கள். சின்னவள் பாஸ்போர்ட் வரும் பிப்ரவரியில் முடிகிறது. டிக்கெட் அடிஸ் அபாபா வழியாகப் பார்த்திருக்கிறோம்.

கேள்வி இதுதான். காகிதம், ஊசி, பணம், பெட்டி என்று நாலு பக்கமும் வேலை கிடக்கிறது. எதை முதலில் தொடங்கவேண்டும், எது எங்கே மாட்டும்? வழி தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் குழுவில் வேலையைப் பிரித்துக்கொள்வோம்.

அமரவிளைக்காரன்:

ஐயா, காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம்ம கேரள-தமிழ்நாடு எல்லையில் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் அது.

நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. சான்றிதழை எந்த மாநிலம் கொடுத்தது என்பதுதான் கணக்கு. கணவரின் டிகிரி கேரளா பல்கலைக்கழகம் கொடுத்தது, ஆகவே அதற்கு திருவனந்தபுரத்தில் நோர்க்கா ரூட்ஸ் என்ற கேரள அரசு நிறுவனம் வழியாக முத்திரை வாங்கலாம். பாறசாலையிலிருந்து ஒரு பஸ். மனைவியின் ஜி.என்.எம். தமிழ்நாட்டுச் சான்றிதழ். அதைத் தூக்கிக்கொண்டு நோர்க்காவுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள், அது சென்னைக்குத்தான் போகவேண்டும். ஒரே குடும்பம், ஒரே வீடு, ஆனால் இரண்டு தலைமைச் செயலகம். சென்னைக்குப் போவதுதான் அதிக நாள் பிடிக்கும், எனவே அதை இந்த வாரமே அனுப்புங்கள்.

மாநில முத்திரை விழுந்த பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். இந்தியா 2005இல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது, மலாவியும் அதில் உள்ள நாடு. எனவே தூதரக முத்திரை என்று தனியாக ஒன்று வேண்டாம். யாராவது ஏஜென்ட் "எம்பசி அட்டஸ்டேஷன்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அமைச்சகக் கட்டணம் ஒரு சான்றிதழுக்கு 50 ரூபாய்தான். மற்றதெல்லாம் அமைச்சகம் அமர்த்திய நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் கூரியர் செலவும்.

அப்போஸ்டில் என்பது சான்றிதழின் பின்பக்கம் ஒட்டுகிற ஒரு சின்ன ஸ்டிக்கர். அதனால் லேமினேட் செய்த சான்றிதழ் ஆகாது. நம்ம ஊரில் பத்தாம் வகுப்பு மார்க் லிஸ்ட் வந்த மறுநாளே லேமினேஷன் கடைக்குப் போய்விடும். வீட்டில் வைத்து உரிக்கப் பார்க்காதீர்கள், மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். கொடுத்த இடத்திலேயே டூப்ளிகேட் கேளுங்கள். அதற்கும் நாள் ஆகும், எனவே இன்று ராத்திரியே பெட்டியைத் திறந்து எதெல்லாம் லேமினேட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது கல்யாணச் சான்றிதழ். சபை கொடுத்தது மட்டும் போதாது, அரசுப் பதிவு வேண்டும். கல்யாணம் பாறசாலையில் நடந்ததால் 2008இல் வந்த கேரளப் பொதுத் திருமணப் பதிவு விதிப்படி அங்கத்தைய பஞ்சாயத்தில் பதியவேண்டும். இத்தனை வருஷம் தாமதம் என்பதால் அபராதமும் மேலதிகாரி அனுமதியும் சேரும். சபைப் பதிவேட்டு நகல், இரண்டு சாட்சி, இருவரின் வயதுச் சான்று எல்லாம் கேட்பார்கள். பெண் வீடு குலசேகரம் என்பதற்காகத் தமிழ்நாட்டுப் பக்கம் போய் அலையவேண்டாம். இதற்கு உள்துறை முத்திரையும் திருவனந்தபுரத்தில்தான்.

மூன்றாவது, இனிஷியல். தமிழ்நாட்டுச் சான்றிதழில் பெயரும் ஓர் எழுத்தும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதையே அப்பா பெயராக விரித்துப் போட்டிருப்பார்கள், சிலருக்குக் கணவர் பெயர் வந்திருக்கும். அங்கே உட்கார்ந்து பார்க்கிற அதிகாரிக்கு இவை இரண்டு ஆள். கேரளத்தில் வில்லேஜ் ஆபீசில் "ஒன் அண்ட் சேம்" சான்று வாங்கலாம், இ-டிஸ்ட்ரிக்ட் என்ற அரசு இணையதளம் வழியாக விண்ணப்பம். தமிழ்நாட்டுக் காகிதத்துக்கு நோட்டரி பிரமாணப் பத்திரம் எழுதி, எந்தெந்தச் சான்றிதழில் எந்தெந்த எழுத்தில் பெயர் இருக்கிறது என்று வரிசையாகக் குறிப்பிடுங்கள். "நான்தான் அவர்" என்று மொட்டையாக எழுதினால் உபயோகம் இல்லை.

வெள்ளறடை தம்பி:

நல்ல விவரம் அண்ணா. போலீஸ் சான்று பற்றி ஒன்று சேர்க்கிறேன். பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பம், 500 ரூபாய். இவர்களுக்கு நெய்யாற்றின்கரை சேவா கேந்திரம் பக்கத்தில். கவனிக்கவேண்டியது முகவரி. நர்ஸ் அக்காவின் பாஸ்போர்ட்டில் குலசேகரத்து முகவரி இருந்தால், இப்போது இருப்பது பாறசாலை என்பதால் போலீஸ் விசாரணை இங்கே நடக்கும். வருகிற போலீஸ்காரர் பக்கத்து வீட்டில் கேட்பார், அந்த நேரத்தில் குடும்பம் சபை சபையாகச் சுற்றிக்கொண்டிருந்தால் "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். விசாரணை முடியும் வரை பெரியவர்களில் ஒருவராவது வீட்டில் இருக்கட்டும்.

சான்று வாங்கிய தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். அதனால் மிக முன்கூட்டியும் வேண்டாம். ஜூன் நடுவில் போட்டால் சரியாக இருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி இவர்களுக்குத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மலாவி அந்தப் பட்டியலில் இல்லை. வீண் அலைச்சல்.

நெய்யூர் சிஸ்டர்:

தம்பி சொன்ன கடைசி வரியை தயவுசெய்து யாரும் பின்பற்றவேண்டாம். மலாவி மஞ்சள் காய்ச்சல் நாடு இல்லை என்பது சரி. எத்தியோப்பியா அந்த நாடு. டிக்கெட் அதன் தலைநகர் அடிஸ் அபாபா வழியாக என்று கேள்வியிலேயே இருக்கிறது.

போகும்போது, ஆபத்து உள்ள நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வருகிறவர்களிடம் மலாவி சான்று கேட்கும். இணைப்பு விமானம் தவறினால் 12 மணி நேரம் தாண்டுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. திரும்பி வரும்போது இந்தியா இன்னும் கடுமை. சான்று இல்லாமல் ஆபத்து உள்ள பகுதி வழியாக வந்தால் 6 நாள் வரை தனிமையில் வைக்க அதிகாரம் உண்டு. விமான நிலையத்தை விட்டு வெளியே போகாதவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை அங்கே இருக்கிற சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்ளவேண்டும். வீட்டில் யாரோ இறந்துபோய் அவசரமாக ஓடி வருகிற நாளில் அந்த அதிகாரியின் ஒப்புதலை நம்பி நிற்கக்கூடாது. போட்டுக்கொள்ளுங்கள்.

மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையத்தில் மட்டும்தான் அந்த ஊசி. ஒரு குப்பியைத் திறந்தால் பல பேருக்குப் போடவேண்டும், மிச்சத்தை வைத்திருக்க முடியாது. அதனால் குறிப்பிட்ட நாளில்தான் போடுவார்கள், முன்பதிவு வேண்டும், பாஸ்போர்ட் அசல் வேண்டும். போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அப்பா அம்மாவிடம் "10 வருஷம்" என்று எழுதிய பழைய அட்டை இருந்தால் பயப்படவேண்டாம், 2016 ஜூலை 11 முதல் அதுவும் ஆயுளுக்குச் செல்லுபடி. அட்டையில் முத்திரை, தொகுதி எண், டாக்டர் கையெழுத்து மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சின்னவளுக்கு 4 வயது. அந்த வயதில் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். ஊசியை மீண்டும் போடுகிற வழக்கம் உண்டு. அதுவும் உயிருள்ள கிருமி ஊசி, மஞ்சள் காய்ச்சலும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 வாரம் விடுங்கள். இதைத் தெரியாமல் குழந்தைகள் டாக்டரிடம் திங்கள்கிழமை ஒன்றைப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மையத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், முன்பதிவும் போச்சு. முட்டை அலர்ஜி, கர்ப்பம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லவேண்டும்.

வெறிநாய்க்கடி முன்தடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளும் 7ஆம் நாளும், மொத்தம் இரண்டு ஊசி. இதைப் போட்டவரை நாய் கடித்தால் மறுபடி இரண்டு ஊசியோடு முடியும், இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசி தேவைப்படாது. கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில் அந்த இம்யூனோகுளோபுலின் கிடைப்பதுதான் கஷ்டம். சின்னப் பிள்ளைகள் நாய் பிராண்டியதை வீட்டில் சொல்லவும் மாட்டார்கள்.

இனி, போவதற்கு முன் பார்க்கவேண்டிய பழைய கணக்கு ஒன்று. மலாவி ஏரியில் பிள்ளைகள் குளித்திருப்பார்கள். அங்கே பில்ஹார்சியா என்கிற நத்தைப் புழு நோய் உண்டு. நம்ம நாட்டில் அநேகமாகக் கிடையாது, அதனால் இங்கே எந்த டாக்டருக்கும் முதலில் அது நினைவுக்கு வராது. சிறுநீரில் கொஞ்சம் ரத்தம் என்றால் கல், தொற்று என்றுதான் போவார்கள். ஏரித் தண்ணீரில் இறங்கி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இப்போது சோதித்தால் தெரியும். மெடிக்கல் காலேஜில் ஒட்டுண்ணி பார்க்கிற ஆய்வகத்தில், "மலாவி ஏரி, சிஸ்டோசோமா முட்டை" என்று டாக்டர் கையால் எழுதி வாங்கிக் கொடுங்கள். சிறுநீர் காலை 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் எடுத்ததாக இருக்கவேண்டும், முட்டை அதிகமாக வெளியேறுவது நடுப்பகலில்தான். காலை எழுந்ததும் பிடித்த முதல் சிறுநீரைக் கொடுத்தால் தப்பிவிடும். மலமும் கூடவே. இருந்தால் பிராசிகுவான்டெல், எடைக்கு ஏற்றபடி டாக்டர் சொல்வார். மாத்திரை இங்கேயே கிடைக்கிறது.

பாறசாலை மிஷன் குழு:

சிஸ்டர், மிக்க நன்றி. மஞ்சள் ஊசியை நாங்களும் வேண்டாம் என்றுதான் பேசிவைத்திருந்தோம். மலேரியாவுக்கு என்ன? ஏற்கெனவே ஆறு வருஷம் அங்கே இருந்தவர்கள், உடம்பு பழகியிருக்குமே என்று கணவர் சொல்கிறார்.

நெய்யூர் சிஸ்டர்:

பழகியிருந்தாலும் அது இத்தனை மாதத்தில் குறைந்துபோயிருக்கும். மலேரியா எதிர்ப்பு அடிக்கடி கொசு கடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். பிள்ளைகளுக்குப் புதிதாகப் போகிறவர்கள் நிலைமைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான மலேரியா வகை. இங்கே பெரியவர்கள் நினைப்பில் இருக்கிற குளோரோகுயின் அதற்கு வேலை செய்யும் என்று நம்பக்கூடாது.

தடுப்பு மாத்திரையை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும், ஆனால் கேட்கப்போகும்போது இதைத் தெரிந்துகொண்டு போங்கள். டாக்சிசைக்ளின் தினமும், போவதற்கு 1, 2 நாள் முன் தொடங்கலாம், 8 வயதுக்குக் கீழே கூடாது, அதனால் சின்னவளுக்கு இல்லை. மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று, 2, 3 வாரம் முன்பே தொடங்கவேண்டும். வலிப்போ மனநோயோ வந்தவர்களுக்கு ஆகாது. முன்பே தொடங்கச் சொல்வதற்குக் காரணம், கெட்ட கனவு, தலைசுற்றல் வந்தால் ஊரில் இருக்கும்போதே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளலாம். அட்டோவகோன்-புரோகுவானில் பிள்ளைகள் எடைக்கு உண்டு, ஆனால் மார்த்தாண்டத்தில் எல்லா மெடிக்கலிலும் இருக்காது, மூன்று வாரம் முன்பே சொல்லிவையுங்கள்.

ஆகஸ்ட் கடைசி அங்கே வறண்ட காலம். மழை நவம்பரில் பிடிக்கும், ஏப்ரல் வரை. மலேரியா ஏறுவது அப்போதுதான். அதனால் மருந்தூட்டிய கொசுவலை நான்கை இங்கேயோ அங்கேயோ வாங்கி அக்டோபருக்குள் கட்டிவிடவேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்கவேண்டும், "பயணக் களைப்பு" என்று ஒரு நாள்கூடத் தள்ளவேண்டாம்.

பல் டாக்டரையும் இப்போதே பாருங்கள். வேர் சிகிச்சை மூன்று, நாலு தடவை போகவேண்டியிருக்கும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இரண்டு ஜோடி.

அமரவிளைக்காரன்:

நர்ஸ் என்பதால் ஒன்று விட்டுப்போயிற்று. மலாவியின் நர்ஸ், மிட்வைஃப் கவுன்சிலில் பதிவு இருக்கவேண்டும். அதற்கு இங்கத்தைய கவுன்சிலிலிருந்து நன்னடத்தைச் சான்று, அதாவது குட் ஸ்டாண்டிங், கேட்பார்கள். தமிழ்நாட்டுக் கவுன்சிலில் பதிந்தவர் என்றால் அங்கிருந்துதான் வரவேண்டும், பதிவு காலாவதியாகாமல் இருக்கவேண்டும். வெளிநாட்டில் இருந்த வருஷங்களில் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் எதுவும் நகராது. ஜி.என்.எம். சான்றிதழை அனுப்புகிற கையோடு இதையும் போடுங்கள், இரண்டும் சென்னை வேலை.

சின்னவள் விஷயம். லிலாங்வேயில் பிறந்தவள் என்றால் ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்திருக்கவேண்டும். குடியுரிமை அதில்தான் நிற்கிறது. பாஸ்போர்ட் வாங்கியிருக்கிறார்கள் என்றால் பதிவு நடந்திருக்கும், அந்தப் பதிவுச் சான்றை எடுத்து வையுங்கள், மலாவி கொடுத்த பிறப்புச் சான்று வேறு, இது வேறு. பாஸ்போர்ட் பிப்ரவரியில் முடிகிறது. ஆகஸ்ட் கடைசியில் இறங்கினால் ஆறு மாதம் முழுசாக இல்லை, செக்-இன் மேசையிலேயே நிறுத்துவார்கள். இப்போதே புதுப்பியுங்கள். அப்பா அம்மா இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும், இரண்டு பேரும் ஊரில் இருக்கிற நேரம் இதுதான். கணவர் முன்னால் கிளம்பிப் போய் வீடு பார்ப்பது என்று திட்டமிருந்தால், அதற்கு முன் இது முடியவேண்டும்.

மார்த்தாண்டம் கணக்கர்:

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் சபைகள் அதிகம் தவறு செய்வது இதில்தான். மனசு நல்லது, கணக்கு தப்பு.

சபை டிரஸ்ட் மலாவி ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் அனுப்பலாம் என்று யாராவது குழுவில் சொன்னால் நிறுத்துங்கள். வெளிநாட்டுக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்ற ரிசர்வ் வங்கித் திட்டம் தனிமனிதருக்கு மட்டும், டிரஸ்டுக்கு இல்லை. அதோடு, டிரஸ்டின் வருமானத்துக்கு வரி விலக்கு கிடைப்பது அதை இந்தியாவுக்குள் செலவழித்தால்தான். வெளியே போனால், மத்திய நேரடி வரி வாரியத்தின் தனி உத்தரவு இல்லாமல் அது செலவாகவே கணக்கில் ஏறாது.

பெரும்பாலான சபைகள் செய்வது, மிஷனரிக்கு மாதப் படியை இந்தியாவிலேயே அவர் கணக்கில் போடுவது. இது ஒப்பீட்டளவில் சுத்தம். ஆனாலும் வேலை வெளிநாட்டில் என்பதால் அதிகாரி கேள்வி கேட்க இடம் உண்டு. நியமனக் கடிதம், குழுத் தீர்மானம், மாதப் படி எவ்வளவு என்று எழுதி வைத்து, உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் ஒரு கருத்து வாங்கிக்கொள்ளுங்கள். தாங்குகிற குடும்பங்கள் மிஷனரியின் கணக்கில் நேரே போட்டால் அது வேறு விஷயம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டியது மட்டுமல்ல, முழுத் தொகையும் அவருடைய வருமானம். அன்போடு பத்துப் பேர் ஆளுக்கு 6,000 போட்டாலே தாண்டிவிடும்.

வேலைக்காகக் கிளம்பிப் போகிறவர் வங்கியில் சொல்லி சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். முன்பே மாற்றியிருந்தால், விடுமுறையில் வந்து திரும்பவும் சாதாரணமாக்கினீர்களா என்று பாருங்கள். இந்தக் குடும்பம் நவம்பரில் வந்ததா? நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு நிதியாண்டு, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அடுத்தது. இரண்டிலும், வரிக் கணக்கில் ரெசிடென்ட் ஆக்குகிற 182 நாளுக்குக் கீழேதான் வருகிறது. பயணத்தை அக்டோபருக்குத் தள்ளாதீர்கள், தள்ளினால் இந்த ஆண்டுக்கு இங்கத்தைய ரெசிடென்ட் ஆகிவிடுவார்.

கையில் எடுத்துப் போவது: டாலர் நோட்டாக ஒருவருக்கு ஒரு பயணத்துக்கு 3,000 வரை. 100 டாலர் நோட்டுகள் புதிதாக, மடிப்பும் கிறுக்கலும் இல்லாமல் இருக்கட்டும். சின்னத் தலை போட்ட பழைய நோட்டை ஆப்பிரிக்காவில் பல இடங்களில் தொடமாட்டார்கள். மணி சேஞ்சர் கட்டாகக் கொடுப்பதை வாங்கி அப்படியே பையில் போடாமல் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். இந்திய ரூபாய் 25,000 வரை கையில் வைத்துக்கொள்ளலாம், திரும்பி வந்து இறங்குகிற ராத்திரிக்கு ஆகும்.

கடைசியாக, வங்கி ஓ.டி.பி. வருகிற சிம். அதில் ரோமிங் திறந்திருக்கவேண்டும், ரீசார்ஜ் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். 90 நாள் பயன்பாடு இல்லாமல் கிடந்தால் எண் போய்விடலாம், பிறகு அதே எண் வேறொருவர் கையில். ரீசார்ஜ் செய்கிற பொறுப்பைக் குழுவில் ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்.

ரப்பர் தோட்டமோ வீடோ இருந்தால் பவர் பத்திரத்தை இங்கேயே, இடம் இருக்கிற மாநிலத்துச் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் முடித்துவிட்டுப் போகட்டும். அங்கே போனபின் என்றால் லிலாங்வே தூதரகத்துக்குப் பயணம், இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை, எல்லாம் சேரும். பால் வெட்டுக் குத்தகைக்கும், வரி கட்டுவதற்கும், ரேஷன் கார்டு விஷயத்துக்கும் என்று காரியத்தைப் பிரித்து எழுதிய பத்திரம் போதும். விற்கிற அதிகாரம் சேர்க்கவேண்டாம்.

பனச்சமூடு அம்மா:

பெட்டி பற்றி நான் சொல்கிறேன் மக்களே.

டிக்கெட்டில் ஆளுக்கு எத்தனை பெட்டி, எத்தனை கிலோ என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டு, ஒவ்வொன்றும் 23 கிலோ என்றால் நாலு பேருக்கு எட்டுப் பெட்டி. ஒவ்வொன்றையும் 22இல் நிறுத்துங்கள், வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒத்துப்போவதில்லை.

கொப்பரை கூடாது. நம்ம ஊர் ஆளுக்கு இது நம்பவே முடியாத விஷயம், ஆனால் முழுக் கொப்பரை தானாகத் தீப்பிடிக்கிற பொருள் என்ற கணக்கில் வருகிறது, பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. எக்ஸ்ரேயில் கண்டால் பெட்டியைத் திறக்கவைத்து எடுத்துப் போடுவார்கள். தேங்காய் எண்ணெய் வேண்டுமென்றால் மூடி இறுக்கி, இரண்டு பாலிதீன் உறை போட்டு, துணிக்கு நடுவில்.

குக்கர் கேஸ்கெட்டை மறக்காதீர்கள். அங்கே குக்கர் கிடைக்கும், உங்கள் குக்கரின் கேஸ்கெட் கிடைக்காது. கம்பெனி பெயரும் லிட்டர் அளவும் எழுதிக்கொண்டு போய் ஒவ்வொரு குக்கருக்கும் மூன்று கேஸ்கெட், ஒரு வெயிட், இரண்டு சேஃப்டி வால்வு வாங்குங்கள். கடையில் வாங்கும்போதே கேஸ்கெட்டை விரலில் மாட்டி இழுத்து, வளைவின் உள்பக்கம் பாருங்கள். ரொம்ப நாள் கிடந்த சரக்கு என்றால் அங்கே மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு தெரியும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மிக்சிக்கு அடியில் சுற்றுகிற கப்ளர் நாலு, ஜாருக்கு வாஷர். டேபிள் டாப் கிரைண்டர் ஆசைப்படவேண்டாம், கல்லே பாதிப் பெட்டி எடையைத் தின்றுவிடும். 750 வாட் மிக்சியில் இட்லி மாவை இரண்டு தடவையாக ஆட்டிக்கொள்ளலாம், உளுந்தை மட்டும் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஆட்டவேண்டும், சூடேறினால் மாவு பொங்காது. மின்சாரம் நம்ம மாதிரி 230 வோல்ட்தான், ஆனால் பிளக் மூன்று சதுரக் கால், இங்கிலாந்து மாதிரி. மாற்றி ஆறு எடுங்கள்.

புட்டுக்குழல் எடுங்கள். மரச்சீனி எடுக்கவேண்டாம், அங்கே சின்னாங்வா என்று சந்தையிலேயே குவிந்து கிடக்கும்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட் அவர், தடையில்லை. 100 தாண்டினால் விமானக் கம்பெனி அனுமதி, 160 தாண்டினால் கூடவே கூடாது. அங்கே மின்வெட்டு அதிகம் என்று பெரிய பேட்டரி வாங்கிவிடாதீர்கள், அதை அங்கேயே வாங்கவேண்டும்.

பையனைப் பற்றி ஒரு வார்த்தை. 12 வயது. பத்து மாதத்தில் இங்கே பள்ளிக்கூடத்தில் கூட்டாளி பிடித்திருப்பான். அங்கே ஆங்கிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால் செப்டம்பரில் ஆண்டு தொடங்கும், அதனால் நாள் ஒத்துவருகிறது. டி.சி.யும் மார்க் லிஸ்ட்டும் இப்போதே கேட்டு வையுங்கள், பத்தாம் வகுப்பை அங்கே முடித்தால் பின்னால் இங்கே சேரச் சமநிலைச் சான்று கேட்பார்கள், ஐந்து பாடத்துக்குக் குறையாமல் எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் பெட்டியில் அவனுக்கு என்று மூன்று கிலோ ஒதுக்குங்கள். அதில் என்ன வைக்கிறான் என்று யாரும் கேட்கக்கூடாது. பழைய கிரிக்கெட் பந்து வைத்தாலும் வைக்கட்டும்.

கடைசி மூன்று வாரம் எந்தச் சபைக் கூட்டமும் வேண்டாம். மிஷன் குழு இதை எழுதியே சொல்லவேண்டும், அவர்களாக யாரிடமும் மறுக்க முடியாது. வழியனுப்பு ஆராதனை ஒன்று, உங்கள் சபையில், அவ்வளவுதான். அந்த மூன்று வாரமும் பாட்டியம்மா வீட்டில், பிள்ளைகளோடு. அந்த அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறது யார், ராத்திரி வயிற்றுவலி என்றால் யாரைக் கூப்பிடுவது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போவது யார் என்று பெயர் போட்டு, நம்பரோடு எழுதி, அடுக்களைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகட்டும்.

பாறசாலை மிஷன் குழு:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஜி.என்.எம். சான்றிதழ் லேமினேட் ஆகவில்லை, பத்தாம் வகுப்பு மார்க் லிஸ்ட் ஆகியிருக்கிறது. கவுன்சில் பதிவு புதுப்பிக்காமல் இருக்கிறது, இன்று விண்ணப்பம் போட்டாயிற்று. பஞ்சாயத்தில் திங்கள்கிழமை. அம்மாவுக்கான பட்டியலில் நாலு பெயர் எழுதிவிட்டோம், ராத்திரிக்கு மட்டும் ஆள் தேடுகிறோம்.

ஒரு சந்தேகம். சின்னவளுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசியை முதலில் போடுவதா, பாஸ்போர்ட் புதுப்பித்த பிறகா?

நெய்யூர் சிஸ்டர்:

அட்டையில் பாஸ்போர்ட் எண் எழுதுவார்கள். பிள்ளைகள் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான், அதனால் எண் மாறிக்கொண்டே இருக்கும். இப்போது புதுப்பிக்கப் போவதால் புதியது கைக்கு வந்தபின் போடுங்கள். எம்.எம்.ஆரை இந்த வாரமே முடித்துவிட்டால் 4 வார இடைவெளியும் அதற்குள் கழிந்துவிடும். ஜூலை முடிவைத் தாண்ட விடவேண்டாம், 10 நாள் கணக்கு இருக்கிறது. அடுத்த தடவை பாஸ்போர்ட் மாறும்போது, ரத்து செய்த பழைய பாஸ்போர்ட்டையும் அட்டையோடு ஒரே உறையில் வைத்திருங்கள்.